கழிப்பனவும் காப்பனவும்

மார்கழித் திங்களின் நிறைவு நாள் போகிப் பண்டிகை ஆகும். போகி என்பது இந்திரனுக்குரிய பெயர்களுள் ஒன்று. மருத நிலத்துக் கடவுளாகப் பண்டைத் தமிழர் போற்றிய இந்திரனை நினைந்து கொண்டாடும் நாளாதலின் இப்பெயர் வந்தது என்பர். பழையவற்றைப் போக்குதலின் ‘போக்கி’ என்பதே ‘போகி’ என மருவிற்று என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், தை பிறக்கும் முன் மனையைத் தூய்மை செய்து, வேண்டாதவற்றைக் கழித்து, புதிய ஆண்டின் விளைச்சலை வரவேற்கும் வழக்கம் தமிழகமெங்கும் உண்டு. சுவர்களுக்கு வெள்ளையடிப்பதும், பரண்மேல் உள்ளவற்றை இறக்கித் துடைப்பதும் இந்நாளையொட்டிய பணிகள். கொங்கு நாட்டில் அன்று மாலை வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்து இல்லத்தின் இறவாணத்தில் காப்புக் கட்டுவர்.

இப்பணி எளியது போலத் தோன்றும். ஆயினும் எதைக் கழிப்பது, எதைக் காப்பது என்னும் வினா எழும்போதுதான் அதன் அருமை புலனாகும். கழிக்க வேண்டியதைக் காத்தலும் தவறு. காக்க வேண்டியதைக் கழித்தலும் தவறு. இவ்விரண்டாலும் தமிழ் மக்கள் இழந்தவை பல. அவ்விழப்புகள் இன்றைய இல்லத்தார்க்கும் பாடமாக அமைவன.

துடைப்பத்தில் தொடங்கிய புதுவாழ்வு

ஏழாம் நூற்றாண்டில் திருவாமூரில் தோன்றிய மருள்நீக்கியார், வேறு நெறியைச் சார்ந்து தருமசேனர் என்னும் பெயருடன் பல்லாண்டு வாழ்ந்தார். பின்னர்ச் சூலை நோயால் வருந்தி, திருவதிகையில் இருந்த தம் தமக்கையார் திலகவதியாரை நாடி வந்து அடி பணிந்தார். அவ்வம்மையார் திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்து, அவரைத் திருவீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார். அப்பொழுது அம்மையார் கைகளில் இருந்தவை யாவை? திருக்கோயிலைப் பெருக்கும் திருவலகும், தரை மெழுகும் கலமுமே ஆகும் என்று சேக்கிழார் பெரிய புராணத்தில் காட்டுகின்றார். வைகறை இருளில் நாள்தோறும் ஆற்றும் தொண்டுக்கு அம்மையார் புறப்பட்ட வேளை அது.

ஒருவரது வாழ்வு புதிதாகத் தொடங்கும் அந்நேரத்தில் அலகும் மெழுக்கும் உடன் சென்றன என்பது எண்ணத்தக்கது. அன்று முதல் நாவுக்கரசர் கைகொண்ட கருவி உழவாரம். பாமாலை சூட்டிய அப்பெருமானின் திருவுருவம் இன்றும் எல்லாச் சிவாலயங்களிலும் தோளில் உழவாரப் படையுடனேயே காட்சி தருகின்றது. புல் செதுக்குதலையும் குப்பை அகற்றுதலையும் இழிந்த பணி என்று கருதாது, வழிபாட்டின் பகுதியாகவே கொண்டது நம் சமய மரபு. மனையைத் தூய்மை செய்யும் இல்லத்தாரும் அம்மரபினரே ஆவர்.

பதஞ்சலி முனிவர் யோக நெறிக்கு வகுத்த நியமங்கள் ஐந்தனுள் முதலாவது சௌசம் என்னும் தூய்மை. இரண்டாவது சந்தோஷம் என்னும் உள்ள நிறைவு. தூய்மையை அடுத்து நிறைவு வைக்கப்பட்ட முறை நோக்கற்பாலது. இயமங்களுள் இறுதியாக அவர் கூறுவது அபரிக்கிரகம். தேவைக்கு மேல் பொருளைச் சேர்த்து வைத்துக்கொள்ளாமையே அது. மனையில் இடம் குறைவு என்று வருந்துவோர் பலர். ஆராய்ந்து நோக்கின், குறைந்தது இடமன்று; மிகுந்தது பொருள் என்பது விளங்கும்.

பொன்னும் கல்லும்

நாவுக்கரசர் தம் இறுதிக் காலத்தில் திருப்புகலூரில் தங்கி உழவாரப் பணி செய்து வந்தார். அவர் செதுக்கிய இடங்களில் எல்லாம் பருக்கைக் கற்களோடு பொன்னும் நவமணிகளும் விளங்குமாறு இறைவன் செய்தருளினான். அவற்றைக் கண்ட அவர் சற்றும் மயங்கவில்லை. கல்லையும் பொன்னையும் வேறுபடுத்தாமல் உழவாரத்தில் ஏந்தி அருகிருந்த குளத்தில் எறிந்தார்.

இவ்வரலாற்றின் உட்பொருள், பொன்னை எல்லாரும் எறிந்துவிட வேண்டும் என்பதன்று. இல்லறத்தார்க்குப் பொருள் வேண்டும். அடியவர் நடந்து வரும் முற்றத்தில் காலை உறுத்துவது கல்லாயினும் பொன்னாயினும் ஒன்றே என்பதே அவர் காட்டிய தெளிவு. ஒரு பொருளின் விலை அது காக்கப்படுவதற்குக் காரணம் ஆகாது. அப்பொருள் அவ்விடத்தில் ஆற்றும் பயனே காரணம் ஆகும். பெருவிலை கொடுத்து வாங்கியது என்னும் ஒன்றையே காரணமாகக் கொண்டு, பழுதுற்றுப் பத்தாண்டாகப் பயன்படாத பொருளை அறையின் நடுவே வைத்துக்கொண்டு, அதனைச் சுற்றி நடந்து துன்புறும் குடும்பங்கள் இல்லையா?

திருக்கோயில் காட்டும் முறை

மனையை ஒழுங்கு செய்யும் முறையைத் திருக்கோயில்களிடமே கற்கலாம். திருமலையில் வேங்கடவன் சந்நிதியில் ஆண்டுக்கு நான்கு முறை ‘கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்’ நிகழ்கின்றது. உகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நான்கு நன்னாள்களுக்கும் முன்னதாக, செவ்வாய்க்கிழமையில் இது செய்யப்பெறும். மூலவர் திருமேனியைத் துணியால் மூடிக் காத்து, கருவறையில் உள்ள மற்றத் திருவுருவங்களையும் பூசைப் பாத்திரங்களையும் வெளியே எழுந்தருளச் செய்வர். பிறகு சுவர், மேற்கூரை, தரை ஆகியவற்றை நீரால் கழுவுவர். நாமக்கட்டி, மஞ்சள், சந்தனம், பச்சைக் கற்பூரம், கிச்சிலிக் கிழங்கு முதலியன சேர்ந்த பரிமளக் கலவையைச் சுவர்களில் தெளித்துப் பூசுவர். அதன்பின்னரே யாவும் உரிய இடத்தில் மீள வைக்கப்பெறும்.

இதில் அறியத்தக்கவை மூன்று. முதலாவது, பெருநாளுக்கு முன்னரே தூய்மை நடைபெறுகின்றது. விருந்தினர் வாயிலில் நிற்கும்போது நடைபெறுவதில்லை. இரண்டாவது, பொருள்களை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு சுற்றித் துடைப்பதில்லை. அனைத்தையும் வெளியே கொணர்ந்து இடத்தை வெறுமையாக்கிய பின்னரே கழுவுகின்றனர். மூன்றாவது, மீள வைக்கும்போது ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தையே அடைகின்றது. வீட்டு அலமாரிக்கும் இம்முறையே பொருந்தும்.

அடைத்து வைத்து இழந்தவை

பொருளைப் பாராமல் அடைத்து வைப்பதால் நேரும் கேட்டுக்குச் சான்று தில்லையில் உண்டு. மூவர் அருளிய தேவார ஏடுகள் எங்குள்ளன என்று அறியாத காலம் ஒன்று இருந்தது. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் துணையால், அவை சிதம்பரம் திருக்கோயிலில் ஓர் அறையில் இருப்பதை மன்னன் அறிந்தான். அம்மன்னன் முதலாம் இராசராசனே என்பது வழிவழியாக வரும் கருத்து. மூவர் கையடையாளத்துடன் பூட்டப்பட்ட அறை அது. அம்மூவரே வந்தாலன்றித் திறத்தல் இயலாது என்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவர் திருவுருவங்களையும் உலாவாக எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எடுத்தபோது எஞ்சியவை சிலவே. இன்று ஓதப்பெறும் தேவாரம் அவ்வாறு எஞ்சிய பகுதியே என்று திருமுறை கண்ட புராணம் கூறுகின்றது.

அவ்வேடுகளை யாரும் பகைமையால் அழிக்கவில்லை. மிகுந்த மதிப்புடன், பாதுகாப்புக் கருதியே பூட்டினர். திறந்து பாராமையால் கறையான் தன் வேலையைச் செய்தது. வீட்டில் உள்ள இரும்புப் பெட்டியும் பரணும் இவ்வாறே. ‘பத்திரமாக இருக்கின்றது’ என்னும் எண்ணம் மட்டும் பொருளைக் காப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து பார்க்கும் கைகளே காக்கின்றன.

ஆராயாமல் எரித்து இழந்தவை

மற்றொரு கேடு இதற்கு மறுதலையானது. தமிழ்த் தாத்தா என்று போற்றப்பெறும் டாக்டர் உ.வே. சாமிநாதையர் (1855–1942) ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக நடந்தவர். சீவக சிந்தாமணியை 1887லும், சிலப்பதிகாரத்தை 1892லும், புறநானூற்றை 1894லும், மணிமேகலையை 1898லும் அவர் பதிப்பித்தார். அத்தேடலின்போது தென்பாண்டி நாட்டுக் கரிவலம்வந்தநல்லூருக்கும் சென்றார். பாண்டிய மரபினர் ஒருவருடைய நூற்றொகுதி அவ்வூர்த் திருக்கோயிலுக்கு உரிமையாகி, அங்குப் பாதுகாக்கப்பட்டிருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆவலுடன் வினவியபோது கிடைத்த மறுமொழி அவர் உள்ளத்தைச் சுட்டது. பழுதுபட்ட ஏடுகள் குப்பையாகக் கிடந்தமையால், அவற்றை முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகக் கூறினர். இச்செய்தியை அவர் தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் வருத்தத்துடன் எழுதியுள்ளார்.

ஈண்டும் தீய நோக்கம் எவர்க்கும் இல்லை. பழையதைத் தூய்மையாக முடித்துவிட வேண்டும் என்னும் நல்லெண்ணமே இருந்தது. எரித்தவை யாவை என்பதை ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை என்பதே குறை. அத்தீயில் அழிந்த நூல்களின் பெயரைக்கூட இனி எவரும் அறிதல் இயலாது. தில்லையில் பூட்டியவரும் பார்க்கவில்லை. தென்பாண்டியில் எரித்தவரும் பார்க்கவில்லை. பாராமை என்னும் ஒரு வேரிலிருந்தே இவ்விரு கேடுகளும் தோன்றின.

நன்னூல் உணர்த்துவது

போகி நாளில் பழையன போதலையும் புதியன வருதலையும் பற்றிய தொடர் ஒன்றைப் பலரும் எடுத்துரைப்பர். அது பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலில், சொல்லதிகாரத்தின் இறுதி நூற்பாவில் வருவது. அந்நூற்பா வீட்டுப் பொருளைப் பற்றியது அன்று, சொற்களைப் பற்றியது. சில சொற்கள் வழக்கு வீழ்வதும், முன்னில்லாத சில சொற்கள் வழக்கில் வந்து சேர்வதும் காலத்தின் இயல்பு ஆதலின் அவை குற்றம் ஆகா என்பது அதன் கருத்து.

இதனை நன்கு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வழக்கு வீழ்ந்த சொற்களைத் தமிழ்ப் புலவர் அழித்துவிடவில்லை. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகளில் பொருளுடன் தொகுத்து வைத்தனர். அதனாலன்றோ பழைய நூல்களுக்கு இன்றும் பொருள் காண முடிகின்றது? அன்றாடப் பயன்பாட்டிலிருந்து நீங்குதல் வேறு. அடியோடு அழிதல் வேறு. நாள்தோறும் புழங்கும் இடத்தில் இருக்க வேண்டியவை சில. புழங்காவிடினும் குறித்து வைத்துக் காக்க வேண்டியவை சில. இரண்டிலும் சேராதவையே கழிக்கத்தக்கவை.

மனையில் பின்பற்றும் முறை

இல்லத்தை ஒழுங்கு செய்ய விரும்புவோர் ஒரே நாளில் அனைத்தையும் கலைத்துப் போடுதல் வேண்டா. மார்கழித் தொடக்கத்திலேயே தொடங்கி, ஒரு நாளைக்கு ஓர் அலமாரி அல்லது ஒரு பெட்டி என வரையறுத்துக் கொள்ளலாம். எடுத்த பொருள் ஒவ்வொன்றையும் கையில் ஏந்திப் பார்த்து, நால்வகையாகப் பிரித்தல் நலம்.

ஒன்று, புழங்குவன. கடந்த ஓராண்டில் பயன்பட்டவை இவை. துடைத்து, எளிதில் கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

இரண்டு, காப்பன. நிலப் பத்திரம், பட்டா, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, மூதாதையர் கடிதங்கள், அவர்கள் கைப்பட எழுதிய பாடல், மருத்துவ, கணக்குக் குறிப்புகள் முதலியன இதில் அடங்கும். பழந்தாள் என்று எடைக்குப் போடும் முன் ஒவ்வோர் ஏட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். ஓலைச் சுவடி ஏதேனும் கிடைப்பின் அதனைக் கழுவுதலோ வெயிலில் இடுதலோ கூடாது. உலர்ந்த துணியில் சுற்றி வைத்து, அறிந்தவரிடம் காட்ட வேண்டும். சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம், தஞ்சையில் உள்ள சரசுவதி மகால் நூலகம் ஆகியன சுவடிகளைப் பேணுவதற்கென்றே அமைந்தவை.

மூன்று, கொடுப்பன. பிறர்க்குப் பயன்படும் நல்ல நிலையில் உள்ள ஆடை, பாத்திரம், பாடநூல் முதலியன இவ்வகையின. ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கடோபநிடதத்தில் நசிகேதனின் தந்தை வேள்வி செய்து பசுக்களைத் தானமாக வழங்கினார். அவை பால் வற்றி, கன்று ஈனும் ஆற்றலும் இழந்த முதிய பசுக்கள். அதனைக் கண்ட சிறுவன் நசிகேதன், இத்தகைய தானத்தால் தந்தை என்ன பேறு பெறுவார் என்று உள்ளம் வருந்தினான். கிழிந்த ஆடையையும் ஓட்டைக் குடத்தையும் ஏழை ஒருவர் கையில் திணித்துவிட்டுத் தானம் செய்ததாக மகிழ்தல் தகாது. தாம் அணியத் துணியாததைப் பிறர்க்கு அளித்தல் கொடை ஆகாது. துவைத்து, தைத்து, மடித்துக் கொடுப்பதே பெறுவோரின் மானத்தைக் காப்பதாகும்.

நான்கு, கழிப்பன. உடைந்தவையும் கெட்டவையும் காலாவதியான மருந்துகளும் இவ்வகையைச் சேரும். இவற்றைத் தயங்காது நீக்க வேண்டும். ‘என்றேனும் உதவும்’ என்று வைத்த உடைந்த குடை, உதவாமலேயே பல மழைக்காலங்களைக் கண்டிருக்கும்.

பூசை அறையில் உள்ளவற்றைப் பற்றிப் பலர்க்கும் ஐயம் உண்டு. நாள் கடந்த பூமாலைகளைச் செடிகளின் அடியில் இட்டு எருவாக்கலாம். நெளிந்த பித்தளை விளக்கைப் பாத்திரக் கடையில் கொடுத்து மாற்றிக் கொள்ளலாம். நிறம் மங்கிய சுவாமி படங்களையும் பழைய நாள்காட்டிகளையும் அரசமரத்தடியிலும் கோயில் மதில் ஓரத்திலும் விட்டுச் செல்லுதல் இன்று பெருகியுள்ளது. மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து, அடியார் காலைக் கிழிக்கும் நிலைக்குத் தெய்வத் திருவுருவத்தை ஆளாக்குதல் வழிபாடு ஆகாது. சட்டத்தையும் கண்ணாடியையும் தனியே பிரித்து, படத்தாளை மட்டும் பிறர் காலடி படாத தூய இடத்தில், மண்ணில் குழி தோண்டிப் புதைப்பது தக்கது.

போகித் தீ

போகியன்று விடியலில் பழம்பொருள்களைத் தீயிலிடும் வழக்கம் தோன்றிய காலத்தில் வீடுகளில் கழிந்தவை பனையோலைப் பாயும், மூங்கில் முறமும், தேய்ந்த துடைப்பமும், வைக்கோலுமே. அவை மண்ணில் விளைந்தவை. எரிந்து சாம்பலாகி மண்ணையே சேர்ந்தன. இன்று டயர், நெகிழி, இரப்பர் ஆகியவற்றை எரிப்பதால் எழும் கரும்புகை நச்சுத்தன்மை உடையது. 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னையைச் சூழ்ந்த புகைமூட்டத்தால் விமானங்கள் தரையிறங்க இயலாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானமே வழி அறியாது திகைத்த அப்புகையை, தொட்டிலில் உறங்கும் குழந்தையும், இளைப்பு நோயால் மூச்சுத் திணறும் முதியவரும் சுவாசிக்கின்றனர் என்பதை எண்ணுதல் வேண்டும். தன் மனையைத் தூய்மை செய்து தெருவின் காற்றை மாசுபடுத்துதல் அறம் ஆகாது. நெகிழியையும் டயரையும் தூய்மைப் பணியாளர்களிடம் தரம் பிரித்து அளிப்பதே தக்க வழி.

முதியோரைக் கேட்டுச் செய்க

இறுதியாக ஒன்று. இல்லத்தில் முதியோர் இருப்பின், அவர்களைக் கேளாமல் அவர்களுக்குரிய எப்பொருளையும் கழித்தல் கூடாது. ஒரு முதிய அன்னையின் பெட்டியில் கைப்பிடி இழந்த கரண்டி ஒன்று இருக்கலாம். மருமகள் கண்ணுக்கு அது பழைய இரும்பு. அவ்வன்னைக்கோ அது தம் தாயார் சீராகக் கொடுத்தது. அத்தாயாரின் கை பட்ட பொருளாக எஞ்சியிருப்பது அது ஒன்றே. கேட்டால் அந்த வரலாறு வெளிவரும். கேட்ட பின்னர், ‘எடுத்துக்கொள்’ என்று அவரே மனநிறைவுடன் கொடுத்துவிடுதலும் உண்டு. பேரக் குழந்தைகளை அருகில் அமரச் செய்து, ஒவ்வொரு பொருளின் வரலாற்றையும் முதியோர் கூறக் கேட்டு எழுதி வைக்கலாம். அவ்வாறு எழுதி வைத்த பின் பொருள் நீங்கினாலும் நினைவு நீங்காது. அதுவே அக்குடும்பத்தின் நிகண்டு ஆகும்.

முதியோரும் தம் பங்குக்கு இளையோர்க்கு இடம் அளித்தல் வேண்டும். உரியவர் கையில் உரிய காலத்தில் கொடுத்த பொருள் வாழும். பூட்டி வைத்த பொருள் கறையானுக்கு உணவாகும்.

திறந்து பார்த்தல், ஆராய்ந்து பிரித்தல், தகுதி அறிந்து கொடுத்தல், தயங்காது கழித்தல் ஆகிய நான்கும் அமைந்த மனையில் விளக்கொளி மூலை முடுக்கெல்லாம் சென்று பரவும். அம்மனையில் பொங்கும் பொங்கல் இனிதாகும். அலகும் மெழுக்கும் ஏந்தித் தம்பியாரின் வாழ்வைப் புதுக்கிய திலகவதியாரின் திருவடிகளை நினைந்து, தூய இல்லத்திலும் தூய உள்ளத்திலும் இறைவன் எழுந்தருள வேண்டி வணங்குவோமாக.

திருச்சிற்றம்பலம்.